தொண்ணூற்றாறு மார்க் மணவாளன்

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் முப்பத்தைந்தைத் தாண்டாத மணவாளன், தன் ஐம்பத்தெட்டாவது வயதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார். பரீட்சை வைத்தது சுபிட்ச சிகரம் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தின் கும்மிடிப்பூண்டி கிளை. பாடம், இடர் தாங்கும் திறன். கிளை மேலாளர் தணிகைவேல் எழுந்து நின்று கைகொடுத்தார். ஏசி அறையில் இருந்த நான்கு பேரும் கைதட்டினார்கள். தண்ணீர் கேன் மாற்ற வந்தவர்கூட எதற்கென்று தெரியாமல் தட்டிவிட்டுப் போனார்.

மணவாளன் சிப்காட் சாலையில் ஓர் எடை மேடையில் வேலை பார்க்கிறார். பழைய இரும்பு ஏற்றிய லாரி லோடோடு ஒருமுறை மேடை ஏறும். ஆலையில் இறக்கிவிட்டு வந்து காலியாக இன்னொருமுறை ஏறும். அதிலிருந்து இதைக் கழித்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். இதில் டிரைவர்களுக்கு ஒரு சின்னத் தில்லுமுல்லு உண்டு. லோடு எடை போடும்போது கிளீனரை வண்டிக்குள் படுக்க வைப்பார்கள், காலி எடை போடும்போது டீ குடிக்க அனுப்பிவிடுவார்கள். கிளீனர் இரும்பாகி, இரும்பு விலைக்குப் போய்விடுவார். அதனால் மணவாளன் இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு வண்டியைப் பார்த்தும் கத்துவார்: “எல்லாரும் கீழ எறங்கு! வண்டில ஆளு இருந்தா சீட்டு கெடையாது!”

அவர் மனைவி குணசுந்தரி அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்தாள். எட்டாம் நாள் இல்லை. பிள்ளை கிடையாது. கம்பெனி கொடுத்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தை மணவாளன் வங்கியில் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. இலவச முகாமில் பார்த்துவிட்டு, சர்க்கரை வேறு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்யவேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஐம்பத்தைந்தாயிரம் என்றார்கள், இரண்டு கண்ணுக்கு இரண்டு மடங்கு, தள்ளுபடி இல்லை. எடை மேடை முதலாளி பச்சையப்பன் நல்லவர்தான். ஆனாலும் மூன்றை எட்டு என்று படித்து எழுதிய சீட்டு ஒன்று அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. “தை மாசத்துக்குள்ள கண்ண சரி பண்ணிக்கோ மணவாளா. இல்லனா நான் வேற ஆளு பாக்குறதத் தவிர இன்னா பண்றது சொல்லு” என்றார். அப்போது ஆடி. பணம் இருந்தது, நாளும் இருந்தது. குணசுந்தரியின் பணம் தன் கண்ணுக்கு என்று மணவாளன் முடிவு செய்தார்.

அந்த ஆடியில்தான் பஸ் நிறுத்தத்தில் நீலக் குடை விரித்து சுபிட்ச சிகரத்தார் உட்கார்ந்திருந்தார்கள். குடைக்குக் கீழே நந்தினி என்ற பெண், திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவள். கழுத்து அட்டையில் ‘உறவு மேலாளர்’ என்று இருந்தது. “சாப்டீங்களா சார்?” என்று கேட்டாள். எல்லாரையும் கேட்க வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மணவாளனை அப்படி ஒருவர் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் நின்றுவிட்டார். பணம் முதலீடு ஆனது இந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் கையெழுத்து.

பரீட்சை அன்று எழுத்து பொடிசாக இருந்ததால் நந்தினியே கேள்வியைப் படித்து அவளே டிக் அடித்தாள். சந்தை கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு மணவாளன், “கவுந்தா கிரேன் வர வரைக்கும் நிக்கவேண்டியதுதான்” என்றார். நெடுநாள் காத்திருப்பவர் என்று பத்து மார்க். இரவில் நன்றாகத் தூங்குவீர்களா என்றதற்கு, இல்லை என்றார். அங்கேதான் அந்த நான்கு மார்க் போனது.

ஏழாவது கேள்வி வந்தது. “உங்களை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர்?”

குணசுந்தரி வழியில் யாராவது இருக்கிறார்களா, மாதாமாதம் யாருக்காவது கொடுக்கிறாரா என்றெல்லாம் மணவாளன் யோசித்திருக்கலாம். ஆனால் எடை போடுகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. எடை என்றால் வண்டியில் ஆள் இருக்கக் கூடாது. இருபத்தாறு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. “ஆளு யாரும் இல்ல.”

“மனைவி?” என்றார் தணிகைவேல், ஆர்வமாக.

“தவறிட்டா சார்.”

“எக்ஸலண்ட்! ஐ மீன், ரொம்ப வருத்தம் சார். ஆனா மார்க்குன்னு பாத்தா எக்ஸலண்ட். குழந்தைங்க?”

“இல்ல.”

“அப்பா, அம்மா?”

“இல்ல சார்.”

“இப்படி ஒரு சுத்தமான ப்ரொஃபைல் நான் இந்த மாவட்டத்துலயே பாக்கல. போன வாரம் சோழவரத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார். ரெண்டு பொண்ணு, வயசான மாமனார், போதாததுக்கு ஒரு தம்பி. நாப்பத்திரெண்டு மார்க் வாங்குனார் பாவம்.”

சுவரில் இடரின் அளவைக் காட்டும் ரிஸ்கோமீட்டர் மாட்டியிருந்தது. அரைவட்டம், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடிவது. முள் சிவப்பின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கடைசிச் சிவப்புக்கான திட்டத்தைத்தான் மணவாளனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். திட்டத்தின் பெயர் ‘சிகரம் துணிவு’. பெயர் கேள்விப்படாத சின்னச் சின்னக் கம்பெனிகளின் பங்குகளில் போடுவது.

“இந்த மீட்டருக்கு முத்திரை போட்டது யாரு சார்?” என்று மணவாளன் கேட்டார்.

“முத்திரையா?”

“வருசா வருசம் முத்திரை ஆய்வாளர் வந்து, எடைக்கல்லு ஏத்திப் பாத்துட்டு சீல் வெப்பாரு. சீல் இல்லாத மேடைல வண்டி ஏத்துனா கேஸு. இந்த முள்ளு சரியா நிக்குதான்னு எந்தக் கல்ல வெச்சிப் பாத்தீங்கோ?”

தணிகைவேல் பொறுமையான மனிதர். “எங்க மீட்டர்ல கல்லெல்லாம் கிடையாது சார். முள்ளை நாங்களே மாசாமாசம் திருப்பி வச்சுக்குவோம்” என்று விளக்கினார்.

பழைய வருமானத்துக்கு ஒரு படம் காட்டினார்கள். மூன்று வருடத்தில் கோடு ஏறிக்கொண்டே போனது. அதற்கு முன்னால் என்ன என்று மணவாளன் கேட்க, படம் தொடங்கும் இடத்தைத் தலைமை அலுவலகம்தான் தேர்ந்தெடுக்கும் என்றார் தணிகைவேல். படத்துக்குக் கீழே எறும்பு ஊர்வது போல ஒரு வரி இருந்தது. நந்தினி அதை மூச்சுவிடாமல் வாசித்தாள். கடந்தகாலம், எதிர்காலம், உத்தரவாதம், இல்லை என்ற நான்கு சொற்கள் மணவாளன் காதில் விழுந்தன. அது தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதாக அவருக்குப் பட்டது, தலையாட்டினார்.

“காலி எடை எவ்ளோ சார்?”

“புரியல.”

“லோடு சரி. வண்டி எடை இன்னா? உங்க கூலி, ஆபீஸ் வாடக, ஏசி, இதெல்லாம் கழிச்சாத்தான சரக்கு எவ்ளோன்னு தெரியும்?”

“அதான் சார் என்.ஏ.வி. எல்லாம் கழிச்ச நிகர மதிப்பு. எங்க செலவைத் தனியா கேக்கவே மாட்டோம். தினமும் உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்குவோம். உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

“ஓடுற வண்டிலயே எறக்கிக்குவீங்கோ.”

“கரெக்ட்! அவ்ளோ ஸ்மூத்தா இருக்கும்” என்று தணிகைவேல் மகிழ்ந்தார். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மணவாளன் கையெழுத்துப் போட்டார். கூச்சம்தான் காரணம். தொண்ணூற்றாறு மார்க் கொடுத்தவர்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் சமையலறைக் கதவோரம் ஓர் ஆணி உண்டு. குணசுந்தரி கடைசியாக வேலைக்குக் கட்டிப்போன கத்திரிப்பூ நிறப் புடவை அதில்தான் தொங்குகிறது. மணவாளன் எடுக்கவில்லை. புரை முற்ற முற்ற, சாயங்கால வெளிச்சத்தில் அந்தப் புடவை நிலைப்படியில் சாய்ந்து நிற்கும் ஒரு பெண்ணாகத் தெரிய ஆரம்பித்தது. முதல் நாள் திடுக்கிட்டார். மறுநாள் எதிர்பார்த்தார். புடவைதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பைத்தியம் இல்லை, தனியாக இருந்தார், அவ்வளவுதான்.

“இன்னா சுந்தரி, தொண்ணூத்தாறு மார்க்கு” என்றார் அன்றைக்கு. “நீ இல்லன்றதுக்கே பத்து குடுத்தானுங்கோ.” சொல்லி முடித்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

அதன்பின் தினமும் சாயங்காலம் கைபேசியில் செய்தி வந்தது. ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, தசமப் புள்ளிக்குப் பின் நான்கு எண்ணோடு. வாங்கியபோது 41.3278. போனைக் கண்ணோடு ஒட்டி வைத்து மணவாளன் படிப்பார். அவருக்கென்று தினமும் வருகிற ஒரே செய்தி அது. ஆவணியில் 42 ஆனது. புரட்டாசியில் 38. தீபாவளி முடிந்து மழை பிடித்தபோது 33.0916.

மணவாளன் குடையோடு கிளைக்குப் போனார். நந்தினி இல்லை, வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். அவள் நாற்காலியில் இருந்த புது உறவு மேலாளருக்கு மணவாளனைத் தெரியாது, ஆனால் “சாப்டீங்களா சார்?” என்று அதே குரலில் கேட்டார். மணவாளன் நேராக உள்ளே போனார்.

“சார், நின்ன எடத்துல நிக்கிற வண்டி எடை கொறைஞ்சா, எவனோ சரக்க எறக்கிட்டான்னு அர்த்தம். யாரு எறக்குனது?”

“யாரும் இறக்கல சார். சந்தை மறுமதிப்பீடு செஞ்சிருக்கு.”

“அந்தச் சந்தய எங்க பாக்கலாம்?”

“பாக்க முடியாது. உணரத்தான் முடியும்.”

“தைக்குள்ள எனக்கு கண்ணு ஆப்பரேசன் சார். கீறத குடுத்துடுங்கோ.”

தணிகைவேல் கணினியைத் திருப்பிக் காட்டினார். விற்பனைக் கோரிக்கை, காரணம் அச்சம் என்று தட்டினால் திரை சிவப்பாகியது. “சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது சார். பயப்படறவருக்கு நாப்பது மார்க்குக்குள்ளதான் இருக்கணும். நீங்க தொண்ணூத்தாறு. நீங்க பயப்படறீங்கன்னா எங்க பரீட்சை தப்புன்னு ஆயிடும். எங்க பரீட்சை தப்பா இருக்காது, அதுக்கு சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கோம். அதனால நீங்க பயப்படல.”

“நெஞ்சு அடிச்சிக்குது சார்.”

“அது ஆர்வம் சார்.”

ஒரே வழிதான் இருந்தது. மார்க்கைக் குறைக்க வேண்டும். வயதை மாற்ற முடியாது, மாறக்கூடியது ஏழாவது கேள்விதான். அவரை நம்பி ஓர் ஆள் இருப்பதாக அத்தாட்சியோடு வந்தால் மறுபரிசீலனை. ரேஷன் கார்டு போதும் என்றார்கள். மணவாளனின் கார்டில் ஒரே ஒரு பெயர் இருந்தது. குணசுந்தரியின் பெயரை நீக்க அவர்தான் நாலு தடவை அலைந்து எழுதிக்கொடுத்திருந்தார்.

இப்படியாக மணவாளன் தன்னை நம்பி யாராவது இருக்கிறார்களா என்று தேடப் புறப்பட்டார். டீக்கடைக்காரர் சிரித்தார். வீட்டுக்காரர், வாடகையைத் தவிர வேறு எதற்கும் தாம் நம்பியிருக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். கடைசியில் தாயாரம்மாளிடம் வந்தார்.

தாயாரம்மாள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. புருசன் பிடிப்பதை விடிவதற்குள் கூடையில் ஏற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து, எடை மேடைக்கு எதிரே புங்க மரத்தடியில் விற்பாள். மிச்சம் இருப்பதை மதியம் அங்கேயே குழம்பு வைத்து, மணவாளனுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

“நீ என்ன நம்பிகினு கீறதா ஒரு பேப்பர்ல எழுதிக்கட்டா தாயாரு?” என்று கேட்டார்.

தாயாரம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். “யாரு, நானா? யார யாருண்ணா நம்பிகினு கீறது? நாலு மணிக்கி எந்திரிச்சி, இடுப்பு ஒடிய கூடை தூக்கினு வந்து, மூணு புள்ளைங்கள படிக்க வெச்சவ நானு. ரெண்டு வருசமா உனக்கு கொழம்பு யாரு குடுக்குறா? மானங்கெட்ட பேச்சு பேசாத. நீதான்யா என்ன நம்பிகினு கீறே!”

மணவாளன் டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. “இன்னாண்ணா பேஜாரு? சொல்லித் தொலையேன்” என்று பின்னாலேயே வந்தாள். கண்ணும் தையும் தொண்ணூற்றாறும் எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

மார்கழியில் சுபிட்ச சிகரம் ஒரு கல்யாண மண்டபத்தில் முதலீட்டாளர் விழிப்புணர்வுத் திருவிழா நடத்தியது. மாவட்டத்திலேயே அதிக மார்க் வாங்கியவர் என்று மணவாளனுக்குச் சால்வையும் ‘இடர் மாமணி’ பட்டமும். மறுத்தால் கோரிக்கை இன்னும் தள்ளிப்போகும் என்றதால் போனார். அன்றைக்கு மதிப்பு 31.2040. மேடை நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்த அவருக்குக் கூட்டம் வெறும் நிறமாகத்தான் தெரிந்தது. பிரியாணி உண்டு என்று கேள்விப்பட்டு ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் இரண்டு பத்திரிகைக்காரர்கள், பின்வரிசையில் கூடையோடு தாயாரம்மாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த தலைமை மதிப்பீட்டு அதிகாரி துளசிராமன் பேசினார்.

“நண்பர்களே! ஏற்றத்திலும் கட்டணம் வாங்கினோம், இறக்கத்திலும் கட்டணம் வாங்கினோம். எந்தப் புயலிலும் எங்கள் கட்டணம் ஒரு நாள்கூட தவறியதில்லை. அந்த ஒழுக்கம்தான் சுபிட்ச சிகரம். எங்கள் மதிப்பீட்டுக் குழுவில் நாற்பது நிபுணர்கள். நேற்று நடந்ததை இன்று துல்லியமாகச் சொல்வார்கள். நாளை நடக்கப்போவதை நாளை மறுநாள் சொல்வார்கள்.” கைதட்டல். “இதோ, மணவாளன் போன்றவர்களே எங்கள் தூண்கள். குடும்பம் இருப்பவன் கொஞ்சம் இறங்கினாலும் ஓடி வருகிறான். ஏன்? வீட்டில் மனைவி கேட்பாள், மகள் கேட்பாள், ‘பணம் என்ன ஆச்சு’ என்று கேட்பாள். இவரைப் போன்ற ஒருவரின் பணம் என்ன ஆனாலும் யார் கேட்கப்போகிறார்கள்?”

“நான் கேக்குறேன்” என்றது பின்வரிசை.

மண்டபம் திரும்பியது. தாயாரம்மாள் கூடையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள். “அந்தாளு கண்ணு காசு அது. இன்னா ஆச்சி?”

“அம்மா, நீங்க அவருக்கு என்ன உறவு?”

“மீன் விக்கிறேன். ரெண்டு வருசமா மத்தியான சோத்துக்கு என்ன நம்பிகினு கீறாரு. அவர நம்பி யாரும் இல்லன்னு மார்க்கு போட்டீங்களே, அவரு யார நம்பினு கீறாருன்னு ஒரு கேள்வி கேட்டீங்களா?”

பத்திரிகைக்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். துளசிராமன் மைக்கை மூடிக்கொண்டு தணிகைவேலிடம் கேட்டார். மைக் சரியாக மூடவில்லை. “யோவ், இவரே இன்னொருத்தரைச் சார்ந்திருக்கிறவரா? ஒரு சார்ந்திருப்பவருக்கா சிவப்பு முள் ஃபண்டை வித்தீங்க? பேப்பர்ல வந்தா என் வேலை போயிடும்யா. மூணு நாள்ல குடுத்து அனுப்பு.”

நிறுவனத்தின் அறுபத்திரண்டு பக்க நடைமுறை விதியில் ஏமாந்தவனுக்கு வழி இல்லை, பயந்தவனுக்கு வழி இல்லை, கண் தெரியாதவனுக்கும் வழி இல்லை. இன்னொருவர் சோற்றில் வாழ்பவனுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. ‘காப்பாளர்’ என்ற இடத்தில் தாயாரம்மாள் கையெழுத்துப் போட்டாள். மணவாளன் தலைகுனிந்துகொண்டு ‘சார்ந்திருப்பவர்’ என்ற இடத்தில் போட்டார். வருடம் முடியும் முன் வெளியேறியதற்கு ஒரு பிடித்தம் போக, தொண்ணூறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அன்று சாயங்காலம் மதிப்பு வரவில்லை. ‘தங்களுடனான உறவு வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது’ என்று மட்டும் வந்தது. அதற்கடுத்த சாயங்காலம் அதுவும் வரவில்லை. கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது வந்திருக்கலாம் என்று மணவாளனுக்கு இருந்தது.

கையில் இருந்தது ஒரு கண்ணுக்கான பணம். தையில் வலது கண்ணைச் செய்துகொண்டார். ஆஸ்பத்திரியில் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். தாயாரம்மாள் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டுப் பிரித்த அன்று எடை மேடையின் சிவப்பு எண்கள் ஊசி முனை போலத் தெரிந்தன. மூன்று மூன்றாக, எட்டு எட்டாக. பச்சையப்பனுக்கு சந்தோஷம். “இடது கண்ணுக்கு நான் அட்வான்ஸ் தரேன், போய்ப் பண்ணிகினு வந்துடு” என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார். ஒட்டடை தெரிந்தது. தட்டில் துளி சாம்பார் காய்ந்திருப்பது தெரிந்தது. சமையலறைக் கதவைப் பார்த்தார். ஆணி தெரிந்தது, அதில் மடிப்புக் கலைந்து தூசி படிந்த ஒரு பழைய புடவை தெரிந்தது. கால் இல்லை, தோள் இல்லை. இரண்டரை வருடத்துக்குப் பிறகு அன்றுதான் குணசுந்தரி செத்துப்போனாள். மணவாளன் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அழுகை அடங்கியதும், புதுக் கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, உள்ளங்கையால் அதை மெதுவாக மூடிக்கொண்டார். இடது கண்ணில் நிலைப்படி மங்கியது. அவள் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“அட்வான்ஸ் இப்ப வாணாம் மொதலாளி, அப்புறமா பாக்கலாம்” என்று மறுநாள் பச்சையப்பனிடம் சொன்னார்.

மாசியில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. கவிப்பிரியா என்று ஒரு பெண். முடிந்த உறவுகளை மீண்டும் புதுப்பிக்கும் சுபிட்ச சிகரத்தின் சிறப்புத் திட்டம். “சாப்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, “ரெண்டே நிமிஷம், உங்க பழைய மார்க் அப்படியே இருக்கான்னு பாத்துடலாம். தொண்ணூத்தாறு சார்! சூப்பர்! உங்களை நம்பி இருக்கிறவங்க எத்தனை பேர்?”

மணவாளன் போனைக் காதில் வைத்தபடி வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கதவோரம் பார்த்தார்.

“ஒருத்தி கீறாம்மா.”

“அச்சச்சோ. மார்க் குறைஞ்சிடுமே சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவங்களை எடுத்துட்டா இந்தக் கேள்விக்கு உங்களுக்கு ஃபுல் மார்க்.”

“கொறையட்டும்” என்றார் மணவாளன். “அவள எறக்க முடியாது.”